நிரூபாவின் கப்பலும் என் முகிலும்

2025 டிசம்பர் 4

தென்துருவக் கப்பலுக்கு நிரூபாவைத் தெரிவு செய்துவிட்டார்கள். ஆய்வுக்கு எனக்குப் பிறகு வந்தவள்! பேராசிரியர் என் விசாவைச் சொல்லிக் கையை விரித்தார். வெளியே போனால் திரும்பி வர உத்தரவாதமில்லை. அகதியாகப் படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்ததாலேயே எனக்குக் கப்பல் இல்லை.

"அக்கா, உங்களுக்கு என்ன கொண்டு வர?" என்று கேட்டாள். ஐஸ் கொண்டு வா! வாய்வரை வந்தது, விழுங்கினேன்.

டிசம்பர் 20

மெல்பேர்ண் புறநகர் மல்கிரேவில் யோகராணி அன்ரி வீட்டுப் பிறந்தநாள். கொத்துரொட்டித் தட்டோடு எல்லாருக்கும் நிரூபா கதைதான். "எங்கட பிள்ளையொண்டு அன்டார்ட்டிக்காவுக்குப் போகுது!"

அவள் ஆராயப் போகும் கேள்வி என்னுடையது அன்ரி! துருவத்தின் கோடை முகில் பனியைக் காக்கிறதா, உருக்குகிறதா? தடித்த முகில் வெயிலை மறைக்கும். மெல்லியதுதான் கள்ளன் — வெயிலையும் உள்ளே விடும், பனியிலிருந்து எழும் வெப்பத்தையும் போகவிடாது. சொல்லத் தொடங்கினேன். "நீர் இன்னும் படிச்சு முடிக்கேல்லையோ?" என்றார் அன்ரி.

டிசம்பர் 31

பென்குயினோடு செல்ஃபி அனுப்பியிருக்கிறாள். லைக் போடவில்லை.

2026 ஜனவரி 11

வயிறு எரியுது. அவ்வளவுதான்.

ஜனவரி 14

மத்தியானம் கப்பலிலிருந்து மெசேஜ்: "அக்கா, இங்க நல்ல வெளிச்சம். முகில் அளக்கிற பலூன் கொஞ்சம்தான் மிச்சம். இண்டைக்கு விடத் தேவையில்லைத்தானே?"

என் திரையில் விண்ணிலிருந்து எடுத்த செய்மதிப் படம். பனியும் வெள்ளை, முகிலும் வெள்ளை. இரண்டையும் பிரித்தறிந்தே என் கண் கெட்டது. வருகிறது — நான் தேடிய அதே மெல்லிய முகில், நேரே அவள் தலைக்கு மேல். அவளுக்குத் தெரியவில்லை!

'ஓம், தேவையில்லை' என்று அடித்தேன். அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகுது? வெறுங்கையோடு வரட்டுமன்!

ஆனால் அந்த முகில் திரும்பி வருமா? அழித்தேன்.

"விசரி, இப்பவே விடு! எல்லாக் கருவியும் போடு!"

சந்தோஷமாக இல்லை. இன்னும் எரியுது.

ஜனவரி 15

அளவுகள் வந்தன. முகிலுக்குக் கீழே பனி சூடாகியிருக்கிறது. நான் சொன்ன மாதிரியே. யாரிடம் சொல்ல? அவளிடம்தான் சொன்னேன்.

பெப்ரவரி 22

தமிழ் வானொலியில் நிரூபா. வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டேன்.

"அந்த முகிலை நான் காணவேயில்லை. மெல்பேர்ணில இருந்து வசந்தினி அக்காதான் கண்டவா—"

"அது இருக்கட்டும் தங்கச்சி," என்று குறுக்கிட்டார் அறிவிப்பாளர். "பென்குயின் எப்பிடி?"

குசினியில் தனியே நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். பென்குயினை அவளே வைத்திருக்கட்டும். முகில் எங்கள் இரண்டு பேருடையதும்.

சரி — பாதிக்கு மேல் என்னுடையது.