நெய்க்காரப்பட்டிப் பக்கத்து அமலோற்பவங்கள்

பேரைக் குறைத்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத என் அக்காளுக்கு,

ஐம்பது வருஷத்துக்கு மேலாக உன்னை ‘அமலி’ என்றே கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி. நேற்றுக் காலை உன் ஓராண்டுத் திருப்பலி நடந்தது. அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

அமலோற்பவ மாதா திருநாளுக்கு முதல் நாள் நீ பிறந்தாயாம். கோயிலில் சப்பரத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்த அப்பா, கையில் நாரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாராம். வேறு பெயரை அவர் யோசிக்கவே இல்லை. அமலம் என்றால் மாசில்லாதது, உற்பவம் என்றால் பிறப்பு என்று உன் ஞானஸ்நானத்தன்று சாமியார் சொன்னதை, சாகிறவரைக்கும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிறந்தபோது அவருக்கு அந்த உற்சாகம் தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஜெசிந்தா என்று சட்டென்று முடித்துவிட்டார்.

உனக்கும் அந்தப் பெயர்மேல் என்ன ஒரு மிதப்பு! வகுப்பில் வாத்தியார் சோம்பல்பட்டு ‘அமலா’ என்று கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டாய். “அப்படி யாரும் இங்க இல்ல சார். என் பேரு அமலோற்பவம்” என்பாய். இதற்காகவே எத்தனை நாள் வெளியில் நின்றிருக்கிறாய். அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

நானோ பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து பிள்ளைகள் பெயரை எழுதி எழுதியே விரல் தேய்ந்தவள். எந்தப் பெயர் வருகிறது, எது போகிறது என்று என்னைக் கேட்டால் தெரியும். நாம் படித்த காலத்தில் திண்டுக்கல்லில் வகுப்புக்கு ஒரு அமலோற்பவமாவது இருந்தாள். பிறகு அது அம்மாக்களின் பெயராக மட்டும் படிவத்தில் வந்தது. அதற்குப் பிறகு அப்படியும் வரவில்லை. இந்த வருஷ அட்மிஷனில் பாதிப் பேர் ஷ, மீதிப் பேர் ஸ்ரீ.

அதனால்தானே நீ கேட்டபோது மாட்டேன் என்றேன்?

நீ கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். நெய்க்காரப்பட்டிப் பக்கத்தில் கிராம நர்ஸ் வேலை, சனிக்கிழமையானால் பழனி பஸ்ஸில் வீட்டுக்கு வருவது என்று ஓட்டிவிட்டாய். யாரிடமும் எதையும் கேட்டதில்லை. என் மகள் பிறந்த வாரம் மட்டும் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

“ஜெசி, எனக்குப் பெறகு இந்தப் பேரு நின்னுரும்டி. பாப்பாவுக்கு வையேன்.”

“அம்புட்டு நீளப் பேரையா? ஸ்கூல்ல பிள்ளைக கேலி பண்ணியே கொன்னுருங்க. நீ சும்மா இரு அக்கா.”

“சரி விடு. புள்ள நல்லா இருந்தாச் சரி” என்று சொல்லிவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்கப் போய்விட்டாய். நான் ஷெரின் என்று வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அப்படி வெந்நீர் வைக்கப் போனாயே, அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இனி நேற்றைய கதை. போன வருஷம் உன் போனைத் திறக்கத் தெரியாமல், நீ வேலை பார்த்த ஊர்க்காரர்கள் யாருக்கும் சொல்லாமலே உன்னை அடக்கம் செய்துவிட்டோம். அந்தக் குறை மனதில் கிடந்ததால், திருப்பலிக்கு இரண்டு நாள் முன்பு உன் படத்தைப் போட்டுப் பத்திரிகையில் நினைவஞ்சலி கொடுத்தேன். நான் ‘அமலி’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஷெரின்தான் அடித்துவிட்டு முழுப் பெயரையும் எழுதினாள்.

காலையில் கோயில் வாசலில் ஒரு காய்கறி வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து இறங்குகிறார்கள், இறங்குகிறார்கள், இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் இறங்கியது பழனாத்தா என்ற வயதான அம்மா. ஒரு கையில் மல்லிகை மாலை, மறு கையில் பஞ்சாமிர்த டப்பா. “ஏனுங்க, நர்சம்மாளுக்குச் சாமி கும்புடறது இங்கதானுங்களா?” என்று என்னிடமே கேட்டார். நான் உன் தங்கச்சி என்றதும் என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார்.

அவருக்குப் பின்னால் ஒரு காலேஜ் பெண் நின்றாள். “பேப்பர்ல செத்தவங்க படத்துக்கு அடியில என் பேரப் பாத்ததும் பக்குன்னு ஆயிருச்சுங்க. அப்புறந்தான் படத்தப் பாத்தேன்” என்று அழுதாள்.

“உன் பேரு என்னம்மா?” என்றேன்.

“அமலோற்பவமுங்க.”

என்னைப் பழனாத்தாதான் உட்கார வைத்துச் சொன்னார். அவர் மருமகளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்த உடனே தவறிவிட்டனவாம். மூன்றாவதற்கு வலி எடுத்தபோது நீ ரோட்டில் போன தக்காளி வேனை மறித்து, பாதிக் கூடைகளைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லி, அவளை ஏற்றிக்கொண்டு பழனி ஆஸ்பத்திரிக்குப் போனாயாம். பெண் குழந்தை, சுகப் பிரசவம். அதுதான் இந்தக் காலேஜ் பெண்.

“காப்பாத்துன சாமி பேரத்தான புள்ளைக்கு வெக்கோணும்? நர்சம்மாகிட்ட, உங்க பேரு எந்த அம்மன் பேருங்கன்னு கேட்டேன். எங்க மாதா பேரு, திண்டுக்கல்லுல இருக்குன்னாங்க. சரி, அமலோற்பவத்தம்மன் போலன்னு நெனச்சுட்டேனுங்க. பழனிக்குப் போயி மொட்ட போட்டு, காது குத்தி, பேரச் சொன்னா, அங்க இருந்தவங்க சிரிக்கறாங்க. ‘ஆத்தா, இது வேதக்காரங்க பேரு’ங்கறாங்க.”

“அப்புறம்?” என்றேன்.

“நர்சம்மாகிட்ட ஓடுனேன், மாத்தோணுங்களான்னு. ‘உங்க இஷ்டம் ஆத்தா. ஆனா வச்சா முழுசாக் கூப்புடணும், குறைச்சா ஊசி போட்டுருவேன்’னாங்க. நானும் யோசன பண்ணிப் பாத்தேன். முருகன் சந்நிதியில சொன்ன பேரு, அவரே ஒண்ணும் சொல்லல. நான் எதுக்கு மாத்தோணும்?”

அதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு, பிறகு மளிகைக் கடைக்காரர் மகளுக்கு, பிறகு அடுத்த ஊரில். அந்தப் பெயரை வைத்தால் தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கையே வந்துவிட்டதாம். “பேரு காப்பாத்தாது, மாசாமாசம் செக்கப்புக்கு வந்தாத்தான் காப்பாத்தும்” என்று நீ வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தாயாம். அவர்கள் செக்கப்புக்கும் வந்து, பெயரையும் வைத்துவிட்டார்கள். ஏழு பேர், அக்கா. பெரிய அமலோற்பவம், தோட்டத்து அமலோற்பவம், கடைக்கார அமலோற்பவம் என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். ஒருத்தியைக்கூட அமலி என்று யாரும் கூப்பிடுவதில்லை.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சனிக்கிழமை தவறாமல் வந்தாயே, நெய்க்காரப்பட்டிக் கொய்யா கொண்டுவந்தாயே, இதை மட்டும் எங்கே ஒளித்து வைத்தாய்? சொன்னால் எனக்குக் குத்தும் என்றா?

பெரிய அமலோற்பவத்திடம் கேட்டே விட்டேன், என்னைப் பற்றி நீ ஏதாவது சொன்னதுண்டா என்று. “உங்க தங்கச்சி புள்ளைக்கும் இதே பேருங்களான்னு ஒருக்கா கேட்டமுங்க. ‘இல்ல, என் தங்கச்சி அவ பொண்ணுக்கு இதவிட அழகான பேரு வச்சிருக்கா’ன்னாங்க” என்றாள். ஷெரின் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மணி அடித்ததும் உள்ளே போனோம். ஏழு பேரும் அவர்கள் அம்மாக்களும் நாலு பெஞ்சை நிறைத்துக்கொண்டார்கள். ஏழாவது ஒரு சின்னது, ஒன்றாம் வகுப்பு. அதற்கு மாதா கோயிலுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. பஞ்சாமிர்தம் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்காருவது போலக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தது. சாமியார் பீடத்தில் நின்று, சீட்டைப் பிரித்து, இன்றைய திருப்பலி யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்தார்.

“அமலோற்பவம்.”

சின்னது விருட்டென்று எழுந்து நின்றது. “உள்ளேன் ஐயா.”

கோயிலே திரும்பிப் பார்த்தது. “ஒக்காருடி, உன்னய இல்ல” என்று அதன் அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்தாள். சாமியார் சின்ன வயசுக்காரர். கொஞ்சம் திகைத்து, பிறகு சிரித்துக்கொண்டே, “இருக்கட்டும், நிக்கட்டும்” என்றார். திருப்பலி தொடங்கியது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ செத்துப் போனதற்குக்கூட நான் அப்படி அழவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அந்தத் தொட்டில் கதையைச் சொன்னதும் ஷெரின் கேட்டாள். “ஏம்மா, இந்தப் பேரையா கேலி பண்ணுவாங்கன்னு எனக்கு வைக்கல?” நீ இருந்தால் எனக்காக ஏதாவது பேசிச் சமாளித்திருப்பாய். நான் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் திருநாளுக்கு ஏழு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். பழனாத்தா அமலோற்பவத்தம்மனுக்கு மாலை எடுத்து வருவார். நான் எல்லாருக்கும் என் கையால் சமைத்து, ஒவ்வொருத்தியையும் முழுப் பெயர் சொல்லி இலைக்குக் கூப்பிடுவேன். ஒரு எழுத்துக் குறையாது. உனக்கும் இனி அப்படித்தான். உன் கல்லறைக்கு வரும்போதெல்லாம் ‘அமலோற்பவம் அக்கா’ என்று வாய் நிறையக் கூப்பிடுவேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. உனக்காக உள்ளேன் என்று சொல்ல ஆள் இருக்கிறது.

நீ கேட்ட ஒன்றே ஒன்றை இல்லையென்று சொன்ன,
உன் தங்கச்சி
ஜெசிந்தா