ஞாயிற்றுக்கிழமை வராத பெட்டி

அக்கா,

சென்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சிரம்பானை ஒட்டிய ராசாவில் உள்ள என் வீட்டு முன்கூடத்தில் ஒரு முக்கியமான கூட்டம் நடந்தது. கலந்துகொண்டோர் மூவர்: நான், என் மனைவி, எங்கள் மகள். விவாதப் பொருள் ஒன்றுதான். இந்த ஆண்டுப் போனஸில் வாங்கவேண்டியது கையோடு எடுத்துப் போகும் சிடி ப்ளேயரா, கூரையில் டிஷ் வைத்து விண்ணிலிருந்து இறக்கும் வானொலியா? மகள் முன்னதற்கு, மனைவி பின்னதற்கு. இரு தரப்பும் தேநீர் குடித்தபடி ஒரு மணி நேரம் வாதாடின. நாடாளுமன்றங்களில் இதைவிடக் குறைந்த நேரத்தில் பெரிய சட்டங்கள் நிறைவேறியிருக்கின்றன.

"காதுல மாட்டிக்கிட்டா யாருக்கும் தொந்தரவு இல்லப்பா" என்றாள் மகள்.

"டிஷ்ஷுல இருவத்து நாலு மணி நேரமும் தமிழ் ரேடியோ வருதாம் லா. வீடே கேக்கும்" என்றாள் மனைவி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத் தலைவன் என்ற முறையில் இறுதி வாக்கு என்னுடையது. பழைய வயர்கள் கிடக்கும் டப்பாவைத் தேடவேண்டும் என்று சொல்லி எழுந்து ஸ்டோர் அறைக்குள் போய்விட்டேன். அந்த டப்பாவின் அடியில் ஆரஞ்சு நிறப் பஞ்சு இரண்டு கிடந்தன. என் முதல் ஹெட்போனின் காதுப் பஞ்சு. தொட்டதும் பொடியாகி விரலில் ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை சோப்புப் போட்டும் நிறம் போகவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இருந்த காலத்திலும் உங்களுக்குப் படிக்கத் தெரியாது. எனவே இதை எழுதுவதில் எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. என் துணிச்சலின் அளவு எப்போதும் அவ்வளவுதான்.

பெடாஸுக்கு உள்ளே நாம் இருந்த ரப்பர் தோட்டத்தில், நம் லயத்தில் பத்து வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய், கூரையைத் தொடாமல் அது நின்றுவிடும். காற்றோட்டத்துக்காக என்று சொல்வார்கள். பலகையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் பக்கத்து வீட்டில் நீங்கள் தும்முவீர்கள். இப்படி வாழ்வதற்கு லயத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சுவருக்கு மேலே வருவது எல்லாம் காதில் விழும். விழுந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. முதல் நாள் யார் யாரை அடித்திருந்தாலும், மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில் "என்ன கொழம்பு வச்ச?" என்றுதான் விசாரிக்கவேண்டும். நான் பிறகு படித்த எத்தனையோ நாகரிகங்களின் சட்டங்களில் இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றப்பட்ட ஒன்று இல்லை.

எங்கள் வீட்டு ரேடியோவுக்கு மட்டும் விலக்கு. நாலு பெரிய பேட்டரி போட்டது. அதைத் திருப்பினால் போதும், சுவருக்கு அப்பாலிருந்து உத்தரவுகள் வரும்.

"டேய், செய்தி வைடா!"

"சத்தத்தக் கொற லா, புள்ள இப்பத்தான் கண்ண மூடுச்சு!"

"என்னடா பாட்டு இது, எழவு வீடு மாதிரி? மாத்து!"

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. தோட்டத்து ஆலையில் ரப்பர் பால் நிறுத்து எழுதும் வேலை. வீட்டில் அம்மாவும் நானும்தான். சம்பளமில்லாமல் ஒரு வானொலி நிலையத்தையும் நடத்திக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு ரேடியோ இருந்தது. உங்கள் மகள் ரயிலில் வேலை செய்யும் ஒருவனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு போன மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை வாழ்த்துப் பாடல் நிகழ்ச்சியில் யாரோ தோழிகள் அவளுக்குக் கல்யாண வாழ்த்துச் சொன்னார்கள். உங்கள் வீட்டுக்காரர் ரேடியோவை முற்றத்துக்கு எடுத்துவந்து வைத்து, மண்வெட்டியால் அடித்தார். பின்பக்கத்தால்தான் அடித்தார். மண்வெட்டி தோட்டத்துச் சொத்து, முனை மழுங்கக்கூடாது.

"எனக்குப் புள்ள கெடையாது. அது செத்துப்போச்சு" என்றார். பத்து வீடும் கேட்டது. மறுநாள் பத்து வீடும் என்ன குழம்பு என்று விசாரித்தது.

அவள் போட்ட கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்தன. அங்கே கணக்கெழுதும் கிராணி அவற்றைக் குடும்பத் தலைவரின் கையில்தான் கொடுப்பார். குடும்பத் தலைவர் அவற்றைப் பிரிக்காமலே கிழித்துச் சாக்கடைக் கானில் போடுவார். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதுகூட உங்களுக்குத் தெரியவில்லை.

பிறகுதான் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. காலை பத்தரைக்கு அந்த நிகழ்ச்சி. உங்கள் வீட்டுக்காரர் அதற்குள் கள்ளுக்கடைக்குப் போயிருப்பார். சுவருக்கு மேலே உங்கள் குரல் வரும்: "தம்பி, கொஞ்சம் சத்தமா வையேன்." வேறெதுவும் சொல்லமாட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது அறிவிப்பாளர் அந்த வரியைப் படிப்பார்: அன்புத் தாயாருக்கு மகளின் வாழ்த்து. உங்கள் பெயர், அவள் பெயர். இந்தப் பக்கம் அம்மாவின் அரிவாள்மணை நிற்கும். அந்தப் பக்கம் உங்கள் அம்மி நிற்கும். பாட்டு முடிந்ததும் அம்மி மறுபடி ஓடத் தொடங்கும். நீங்களும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அந்த நிலையில்தான் நான் சிரம்பானுக்குப் போய் என் முடிவை எடுத்தேன்.

அப்போது நான் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்த புத்தகங்களில் எல்லாரும் தனிமையை நாடினார்கள். எனக்கும் தேவை என்று தோன்றியது. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வாக்மேனை எடுத்து என் காதில் மாட்டினார். "தம்பி, ரேடியோ அவன் குடுக்கறத நீங்க கேக்கறது. இது, நீங்க கேக்கறதக் குடுக்கறது" என்றார். பழைய ரேடியோவைக் கொடுத்தால் விலையில் தள்ளிக்கொள்வதாகவும் சொன்னார்.

அடுத்த வாரம் ரேடியோவைத் துணியில் சுற்றியபோது அம்மா வாசலில் நின்றார். "நாலு வீடு கேக்குதேடா."

"நாலு வீடும் ஆளுக்கொண்ணு வாங்கட்டும்மா."

உங்கள் ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது. கடைக்காரர் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. வாரத்தில் அரைமணி நேரம்தானே என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு உங்கள் குரல் வந்தது. "தம்பி, மணி பத்தரை ஆயிருச்சே?"

"ரேடியோ ரிப்பேர்க்கா."

அம்மா என்னைப் பார்த்தார். லயத்துச் சட்டப்படி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். அன்று மாலை செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தீர்கள். உள்ளே நாலு பெரிய பேட்டரிகள்.

"பேட்டரியாத்தான் இருக்கும்டா. போட்டுப் பாரு."

"வேணாங்க்கா" என்றேன், ஒரே ஒரு முறை.

"வச்சுக்க லா. நானும்தான கேக்குறேன்" என்றீர்கள்.

செவ்வாய்க்கிழமை அவற்றைத் தோட்டத்துக் கடையில் கொடுத்து, வாக்மேனுக்கு ஏற்ற சின்ன பேட்டரிகளாக மாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் பேட்டரியில் பாட்டு மிகத் தெளிவாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தீர்கள். அரிசி களைந்த கை ஈரமாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றீர்களோ தெரியாது.

"என்னடா அது காதுல, கமலாப்பழத் தோலு மாதிரி?"

"பாட்டுக் கேக்குறதுக்கா. கேசட்டு."

"அதுல ஞாயித்துக்கெழம வருமா?"

"வராதுக்கா."

"சரி" என்றீர்கள். "ஒலை கொதிக்குது" என்று சொல்லிப் போய்விட்டீர்கள். பேட்டரியைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் ஆலையில், மேல்தோட்டத்திலிருந்து வேலைக்கு வரும் நண்பன் பால் டின்னை இறக்கியபடி சொன்னான்: "டேய், ஒங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு பேரு நேத்து ரேடியோல வந்துச்சு. பொம்பளப் புள்ள பொறந்திருக்காம். வர்ற ஞாயிறு பேரு வைக்கிறாங்களாம், கெமாஸ் ரயில்வே குவாட்டர்ஸ்ல. அம்மாவுக்குன்னு சொல்லித்தான் பாட்டே. அக்கா கேட்டிருக்கும்ல?"

"கேட்டிருக்கும்" என்றேன்.

எனக்கு ஆறு நாள் இருந்தது. ரெம்பாவ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கெமாஸ். உங்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு பலகை, அதுவும் கூரை வரை போகாதது. திங்கள் மாலை சொல்லத்தான் வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்ன குழம்பு என்று அவரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பினேன். பிறகு, வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று தீர்மானித்தேன். யாரும் சொல்லமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நம் லயத்தின் ஒரே ரேடியோ போய்விட்டதால் அங்கே யாரும் கேட்கவில்லை; வேறு லயங்களில் கேட்டவர்கள், நீங்களும் வழக்கம்போல் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்தார்கள். கேட்டதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். நீங்கள் கேட்கவில்லை என்பதும், கேட்டிருக்க வேண்டியது என்ன என்பதும் சேர்ந்து தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சொல்லவேண்டியது மூன்றே வாக்கியம். உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கெமாஸில் பெயர் வைக்கிறார்கள். இவை இரண்டும் எளிதாக இருந்தன. இவற்றுக்கு முன்னால் சொல்லவேண்டிய வாக்கியம், ரேடியோ ரிப்பேர் இல்லை என்பது. வெள்ளிக்கிழமை வரை அதை மனத்துக்குள் பலவிதமாகத் திருத்தி எழுதினேன். சனிக்கிழமை, அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடுவது பண்பாகாது என்று கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, முன்பைவிடப் பெரிய ரேடியோ ஒன்று வாங்கி, உங்கள் பக்கச் சுவரோரம் வைத்தேன். "சரியாயிருச்சா தம்பி!" என்றீர்கள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இன்றுவரை எதிலும் நான் கேட்டதில்லை. ஞாயிறு பத்தரைக்கு, நீங்கள் கேட்காமலே சத்தத்தைக் கூட்டினேன். நாட்டில் உள்ள மகள்கள் எல்லாரும் தங்கள் தாய்மாருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். உங்கள் மகளின் பெயர் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும், சுவருக்கு அப்பால் யாரிடமோ சொல்வதுபோல, "அடுத்த வாரம் வரும்" என்றீர்கள். வீட்டில் உங்களைத் தவிர யாரும் இல்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆறு நாளில் சொல்ல முடியாததை ஏழாம் நாள் சொல்வது இன்னும் கடினம். ஓர் ஆண்டு கழித்துச் சொல்வதற்குக் காரணமே இருக்காது. இப்படியாக ஏழு ஆண்டுகள், கெமாஸ் ரயில்வே குவாட்டர்ஸ் என்ற இரண்டு சொற்களை... மூன்று சொற்களை நான் வைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையில்கூட எனக்குத் தைரியம் போதவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் இறந்த காலை, அவர்மேல் துணி போர்த்துவதற்குள் ஒரு பையனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, கெமாஸுக்குப் போய் விசாரிக்கச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று சாவு வீட்டில் யாரும் கேட்கவில்லை. நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நீங்களும் கேட்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன், உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு உங்கள் மகள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தானாகவே பேசினாள்.

"அன்னிக்கு மத்தியான ரயிலு வர்ற வரைக்கும் பேரு வைக்காம காத்திருந்தோம்ணே. அம்மா வரல. கேட்டும் வரலன்னா நாம வேணாம்னுதான அர்த்தம்? அதோட ரேடியோவுக்கு எழுதுறத விட்டுட்டேன்."

நான் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் அம்மாதான் வெவரம் சொன்னாங்க. அப்ப ஒங்க வீட்டு ரேடியோ ரிப்பேராமே. அவங்களே பேட்டரி வாங்கிக் குடுத்தும் சரியா வரலியாம். அந்தத் தம்பி என்ன செய்யும், பாவம்னாங்க."

"ஆமாம்மா" என்றேன். "பழைய ரேடியோ."

என் காதில் இருந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர். அதில் ஞாயிற்றுக்கிழமை வராது என்று என் வாயாலேயே கேட்டவர். சொந்த மகளிடம் கணக்குச் சொல்லும்போதும் என் பொய்யை மடிப்புக் கலையாமல் எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதை அவளிடமிருந்து திரும்ப வாங்கி, மறுபடி உடுத்திக்கொண்டேன்.

ரேடியோ ரிப்பேர் இல்லை அக்கா. பேத்தி பிறந்தது திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன். ஆனாலும் நான் சொல்லவில்லை என்பது மாறாது.

ஸ்டோர் அறையிலிருந்து விரலில் ஆரஞ்சுப் பொடியோடு வந்து டிஷ்ஷுக்கு வாக்களித்தேன். "அநியாயம்பா" என்றாள் மகள். வியாழக்கிழமை ஆள் வந்து மாட்டுகிறான். இந்த வீட்டில் சுவர்கள் கூரை வரை போகின்றன. எவ்வளவு சத்தமாக வைத்தாலும் பக்கத்து வீட்டுக்குப் போகாது. இருந்தும் ஞாயிறு பத்தரை ஆனால், இப்போதிருக்கும் ரேடியோவில் என் கை போய்ச் சத்தத்தைக் கூட்டுகிறது. எனக்குக் காது மந்தமாகிவருகிறது என்று மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

கெமாஸில் அன்று மத்தியான ரயில் போன பிறகு குழந்தைக்கு உங்கள் பெயரை வைத்தார்கள். நீங்கள் அவளை முதன்முதலில் பார்த்தது உங்கள் வீட்டுக்காரர் இறந்த அன்று மாலை. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கூட்டிவந்திருந்தார்கள். முதலாம் வகுப்புச் சீருடையில் இருந்தாள்.