எட்டு நாள் மாத்திரை

தாராவி, 22-8-66

மகன் செல்லப்பாண்டிக்கு அம்மா எழுதுறது. ஆப்பிரிக்கா தாரெஸ்ஸலாமில நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும். இங்க நானும், நீ அங்கயிருந்து கட்டிக் கூட்டியாந்து எங்கிட்ட விட்டுட்டுப் போன உன் பெண்டாட்டி நீமாவும் உசுரோட இருக்கோம், சொகமா இருக்கோம்னு எழுதக் கை வரலை.

நம்ம சந்து இசக்கியம்மன் கோயில் ஆடிக் கொடைக்கு நான் காப்பு கட்டினேன். காப்பு கட்டின வீட்டுல இங்கிலீஷ் மருந்து ஆகாதுன்னு அவளோட வலிப்பு மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டேன். தப்பாமக் கொடுன்னு நீ படிச்சுப் படிச்சு எழுதியிருந்தே, எட்டு நாள்தானே, இசக்கியம்மன் பாத்துக்கிடுவான்னு நினைச்சேன், பாவி. அவளும் கையை நீட்டி நீட்டிக் கேட்டா, பொறவு பொறவுன்னு தள்ளிவிட்டேன். கொடையன்னைக்கு மேளம் உச்சத்துல இருக்கையில கோயில் முன்னாலயே வெட்டி இழுத்து விழுந்துட்டா. உன் மாமன் சொரிமுத்து சாமியாடிக்கிட்டு இருந்தான், கடல் தாண்டி வந்த பேய் இதுன்னு பிரம்பைத் தூக்கிட்டான். அடின்னா அப்படி அடி, முதுகுத் தோல் உரிஞ்சு போச்சு, முன்பல்லு ஒண்ணு தெறிச்சு என் கால்கிட்ட விழுந்துது. அந்தக் கருப்பிய விடாதேன்னு சந்துக்காரனெல்லாம் கத்துறான். அவ ரெண்டு கையையும் அமுக்கிப் பிடிச்சிருந்தது யாருங்கே, நான்தான்டா. பேய் போகட்டும்னுதான் பிடிச்சேன். வலிப்பு நின்னு முழிச்ச பொறவும் அடி நிக்கலை. என் மூஞ்சியப் பாத்து தவா, தவான்னா, சந்துப் பிள்ளைங்க சொல்லிக் கொடுத்த இந்தி. மருந்து கேக்கா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பிரம்பைப் பிடுங்கி, கூடப்பிறந்தவன்னும் பாக்கலை, சாமின்னும் பாக்கலை, சொரிமுத்து மூஞ்சியில விளாசினேன், புருவம் கிழிஞ்சு ரெத்தம் கொட்டிச்சு. இன்னும் ரெண்டு கொடுத்திருக்கணும். எதிர்வீட்டு பீவிதான் டாக்சி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. பேயும் இல்லை பிசாசும் இல்லை, மாத்திரைய நிறுத்தினதாலதான் வந்ததுன்னு டாக்டர் எல்லார் முன்னாலயும் என்னை ஏசினாரு, ஏசட்டும்.

இப்ப புண்ணு ஆறிக்கிட்டு வருது. சொரிமுத்தை வாசப்படி மிதிக்க விடலை. நீ வந்து என்னை என்ன வேணாலும் கேளு, வாயத் திறக்க மாட்டேன். தலைக்கு எண்ணெய் வைக்க நான் கையைத் தூக்கினா இன்னும் மூஞ்சியை மறைச்சுக்கிடுதா, அதைப் பாக்கத்தான் எனக்குத் தாங்கலை.

அம்மன் உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தட்டும், அந்த அம்மனுக்கு எங்கிட்ட காட்ட முகம் இருந்தா. மாத்திரை பதினஞ்சு நாளைக்குத்தான் வரும், மறக்காம அனுப்பு, பார்சலை நீமா பேருக்கே போடு. டப்பாவை இப்ப அவதான் மடியில முடிஞ்சு வச்சிருக்கா. நேத்து நான் எடுத்துக் கொடுக்கேன்னு கையை நீட்டினேன், தரலை. தர வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா பேராச்சி