சீமைக்குப் போகும் கார்

நுவரெலியா, 1936

அன்புள்ள சென்னியம்மாளுக்கு,

துடியலூரில் நீயும் குழந்தைகளும் சௌக்கியந்தானே? நான் நலம். எழுத்து கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன்.

துரையின் பழைய பந்தயக் காரில், வளைவுகளில் வண்டி கவிழாமலிருக்க வெளியே சாய்ந்து தொங்குவது என் வேலை. ஞாயிறன்று மலைப் பந்தயத்தில் பாறை உரசி வலது கை முறிந்தது. துரை குதித்து இறங்கி, காரின் நசுங்கலைத் தடவி அழுதார். அது முன்பு ஜெயித்த பந்தயங்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். நம்மூர் பாலுசாமிகூட, “ஏனுங்கண்ணா, காருக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?” என்றுதான் முதலில் கேட்டான். காரைப் பழுதுபார்க்கச் சீமைக்குக் கப்பலேற்றுகிறார்கள்.

எனக்கு நம்மூர் வைத்தியரிடம் முறிவெண்ணெய் வாங்கி அனுப்பு, அம்மணி. விலாசத்தில் ராமசாமி என்று எழுது. துரை அப்படித்தான் கூப்பிடுகிறார்; பொங்கியண்ணன் என்றால் இங்கே தபாலாபீசில் யாருக்கும் தெரியாது.

தபால்காரர் நிற்கிறார்.

உன்,
பொங்கியண்ணன்