கலந்துபோன விதைநெல்

நீடாமங்கலம்,
திங்கட்கிழமை.

அன்புப் பேத்தி அபிநயாவுக்கு அப்பாயி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நாலு நாளாக மழை, வயலில் தண்ணீர் வடியவில்லை. ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டதாமே, காதை மூடிக்கொள்.

இன்று உன் அப்பா வீட்டில் இருக்கிறான், போனில் பேசினால் அவன் காதில் விழும். அதனால்தான் எழுதி, நானே போட்டோ பிடித்து அனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, கூட்டிப் படித்துக்கொள்.

நேற்று நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. அந்த ஊர்க்காரர்களின் முன்னோர், விதைப்பதை என்ன சொல்லால் சொன்னார்கள் என்பதுதானே உன் ஆராய்ச்சி. அவர்கள் எழுதி வைக்கவில்லை. பின்னால் வந்த மொழிகளை வைத்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று நீங்கள் கட்டுகிற சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவீர்கள் என்று சொல்லியிருக்கிறாய். யாரோ எழுதியதை நம்பி, பின்னால் வந்த மொழி ஒன்றில் ‘விதைத்தோம்’ என்பதற்கான சொல்லை அதன் பழைய ஏட்டில் நீயே பார்த்ததாக ஆராய்ச்சியில் எழுதிவிட்டாய். போன வாரம் ஏட்டைப் பிரித்தால் அது அங்கே இல்லை. வியாழக்கிழமை பட்டத்துக்கான பரீட்சை.

வாயை மூடிக்கொண்டிரு, யாருக்குத் தெரியப்போகிறது என்று சொன்னது நான்தான். என் பேத்தி ஊசி போடாத டாக்டர் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த வாய். போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை.

நீ பிறந்த வருஷம் பக்கத்து வயல் உத்திராபதி தாத்தாவுக்கு விதைநெல் கொடுத்தேன். களத்தில், நாள் பிடித்து விளையும் பொன்மணியோடு சீக்கிரம் விளையும் குறுவை நெல் கலந்துவிட்டிருந்தது. அவர் நாற்று விடுமுன்பே எனக்குத் தெரியும். நம் வீட்டு விதையில் கலப்பு என்று ஊர் பேசக்கூடாதே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். தை மாதம் அவர் வயலில் பாதி முற்றி உதிர்ந்து கிடந்தது, பாதி பச்சையாக நின்றது. கேட்டவர்களிடம் மழையைக் குறை சொன்னேன்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டே, “அன்னைக்கே தெரியும் அத்தாச்சி. அதுக்கப்புறம் உங்ககிட்ட விதை வாங்கினேனா?” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். வாங்கவில்லைதான். இருபத்தேழு வருஷம், நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

நேற்று நான் சொன்னதை விட்டுவிடு. வியாழனுக்கு முன்னால் உன் பேராசிரியரம்மாவிடம் நீயே போய்ச் சொல். பட்டம் தள்ளிப்போனால் போகட்டும், தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சொன்ன கையோடு ஒரு மிஸ்டு கால் கொடு. போனை மடியிலேயே வைத்திருக்கிறேன்.

நன்றாக இரு, கண்ணு.

உன் அப்பாயி,
எல்லையம்மாள்