உன் வாய், என் பெயர்

அடியே,

கிறிஸ்துமஸுக்காக வீட்டைச் சுத்தம் செய்யும்போது சோபா உறைகளைக் கழற்றினேன். மற்ற உறைகளிலெல்லாம் வெறும் தூசி வாசனை. இடது மூலையில், நீ உட்காரும் இடத்து உறையில் மட்டும் தலைவலித் தைலம். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. நடுவில் அந்த உறையை இரண்டு முறை துவைத்தும் இருக்கிறேன். போன பிறகும் என் வீட்டில் உன் வாசனைதான் தூக்கலாக நிற்கிறது என்றால் எனக்கு எரியுமா எரியாதா?

எரிந்தது. உறையை வாளியில் போட்டு, சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினேன். அப்புறம் வாளிக்குப் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, சோப்பு கண்ணில் பட்டுவிட்டதாக்கும் என்று போய்விட்டார்.

பதினோரு வருடமாக டிசம்பர் இருபத்தாறு என்றால் நீதான். உன் வீட்டுக்காரர் ஜித்ராவிலிருந்து உன்னைக் கூட்டிவந்து காலை பத்து மணிக்கு மெர்கோங்கில் என் வாசலில் விடுவார். காடியை விட்டு இறங்காமலே தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். நீ நேராக அடுப்படிக்குள் நுழைந்து, முதல் நாள் மிச்சமான கோழிப் பெரட்டலை அடுப்பில் ஏற்றுவாய். "ஒங்க யேசு பொறந்த நாள விட மறுநாள் கறிதான்டி ருசி" என்பாய். தட்டோடு சோபாவில் சாய்ந்ததும் நம் விருது விழா தொடங்கும். அந்த ஆண்டு பார்த்த படம், சீரியல், போய்வந்த கல்யாணம், பொறுத்துக்கொண்ட மேடைப் பேச்சு, எல்லாவற்றுக்கும் நீ விருது கொடுப்பாய். நான் நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

வார இதழில் ஆண்டு முடிவில் நான் எழுதும் கட்டுரை அங்கேதான் பிறந்தது. "கூட்டாளி ஒருத்தி சில யோசனைகள் சொல்வாள்" என்று ஒரே ஒரு முறை ஆசிரியரிடம் சொன்னேன். யோசனையாம்! நீ சமைத்து, தட்டில் வைத்து, கையிலும் கொடுத்தாய். நான் என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

"என் மக படிவம் ஒண்ணுல சேர்ந்தப்ப அந்த சீரியல் மாமியா கோவமா மாடிப்படில எறங்க ஆரம்பிச்சா. மக எஸ்.பி.எம். பரீட்சையே எழுதி முடிச்சிட்டா. அவ இன்னும் கீழ வந்து சேரல" என்றாய். அந்த வரிக்காக எனக்குக் கோலாலம்பூரிலிருந்தெல்லாம் போன் வந்தது. டேவான் மண்டபத்தில் நடந்த கல்யாண விருந்தில் பொண்ணு மாப்பிள்ளை உள்ளே வரும்போது மிஷினில் புகை விட்டார்களே, டிங்கிக் காய்ச்சலுக்குக் கொசுப்புகை அடிக்கிறார்கள் என்று உன் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் பாயசக் கிண்ணத்தை ஒளித்துவைத்த கதை இருக்கிறதே, அதற்கு "ஆண்டின் சிறந்த திகில் காட்சி" என்று விருது கொடுத்தவள் நீ. பாராட்டு வாங்கியவள் நான்.

எனக்கு இந்த எரிச்சல் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டப் பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலேயே தொடங்கியது. கட்டுரைப் போட்டியில் பரிசு எனக்கு. ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் மொய்ப்பது உன்னை. நான் ஒன்றரைப் பக்கம் பால்மரத்தின் தன்வரலாறு எழுதினேன். நீ நம் தோட்டத்து ஆபீஸ் கிராணியின் நடையை ஒரு தரம் நடந்து காட்டினாய், என் ஒன்றரைப் பக்கம் போன இடம் தெரியவில்லை. என் கல்யாண விருந்தில்கூட என் நாத்தனார்கள் என்னை விட்டுவிட்டு உன் மேசையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு நான் அங்கிருந்தே உன்னை முறைத்தேன். என் வீட்டுக்காரர் கதை தனி. முப்பது வருடத்தில் என் பேச்சுக்கு அவர் சிரித்ததை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். டிசம்பர் பிறந்தால், "ஒன் கூட்டாளி எப்ப வருது?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

நாலு மணிக்கு வாசலில் ஹார்ன் கேட்கும். பாதிப் பேச்சில் நிறுத்துவாய். முகம் கழுவி, கொண்டையை இறுக்கி, சேலையை இழுத்துவிட்டு, நொடியில் வேறு ஆளாகிப் படியிறங்குவாய். பார், புருசனுக்காக எப்படிப் பறக்கிறாள் என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

மார்ச் மாதம் நெஞ்சு வலி என்றார்கள். நான் ஜித்ராவுக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் சடங்கில் உன் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "என் வீட்டுக்காரி அதிர்ந்து பேசாது. இருக்கிற எடமே தெரியாது" என்றார். இழவு வீட்டில் எல்லாரும் எல்லாரையும் பற்றிச் சொல்கிறதுதானே என்று நினைத்தேன். பிறகு என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நீ எப்படிப்பட்டவள் என்று காட்ட மாடிப்படி மாமியாரைச் சொன்னேன். கூட்டம் கண்ணீரோடு சிரித்தது.

இது அவள் சொன்னது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் மகள், "அது ஆன்ட்டி எழுதுனது. அம்மா எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவாங்க" என்றாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "எழுத்தாளர்னா சும்மாவா?" என்றார் உன் கொழுந்தனார். நான் கை கூப்பினேன்.

வாய் வரவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வாய் வந்தது, நான்தான் மூடிக்கொண்டேன். அந்தச் சிரிப்பை உனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. உன் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது, ஊதுபத்தி புகைகிறது, நான் உன்னோடு போட்டி போட்டுக்கொண்டு நிற்கிறேன். என்ன ஜென்மமோ நான்.

ஒன்பது மாதம் அந்தக் கை கூப்பியது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த இருபத்தாறாம் தேதி வந்தது. கோழிப் பெரட்டல் மிஞ்சியது, சூடு பண்ண ஆளில்லை. ஆசிரியர் போன் செய்தார். "அக்கா, பக்கத்த காலியா வச்சிருக்கேன் லா. அதப் படிக்கத்தான் ஆளுங்க பேப்பரே வாங்குறாங்க." உட்கார்ந்தேன். "இவ்வாண்டுத் திரைப்படங்களில் வன்முறை மேலோங்கியிருந்தது" என்று எழுதினேன். வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசியில் தொடர் பார்க்கும் பழக்கம் பெருகிவிட்டது பற்றி ஒரு பத்தி. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் விலைவாசி பற்றி ஒரு பத்தி. வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர், கொட்டாவியோடு. நீயாக இருந்தால் "என்னாடி, தொகுதி ஒய்.பி. மேடைல பேசுற மாதிரி இருக்கு" என்றிருப்பாய்.

நோட்டை மூடிவிட்டு உன் மகளுக்குப் போன் செய்தேன்.

"அந்த மாடிப்படி மாமியா, கொசுப்புகை, எல்லாம் ஒங்க அம்மா சொன்னதும்மா. பதினோரு வருசமும். நான் எழுதுனேன், அவ்வளவுதான்."

"எங்க அம்மாவா ஆன்ட்டி? அம்மா ஜோக் அடிச்சு நான் பார்த்ததே இல்லயே. அப்பாவுக்கு பொம்பளைங்க சத்தமா சிரிச்சாலே புடிக்காது லா. ஒங்க கட்டுரை வந்தா மட்டும் எங்க எல்லாரையும் உக்கார வச்சு வாசிப்பாங்க. கொரல மாத்தி, ஆள மாதிரி நடிச்சு. அப்பதான் அப்பா சிரிப்பாரு. வெளியாளு எழுதுனதுதானேன்னு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அவள் மேலே சொன்னாள். "அந்த கேஸ் தோம்பு கததான் அப்பாவுக்கு ரொம்ப புடிக்கும்."

ஞாபகம் இருக்கிறதா? "சினிமால ஹீரோ நூறு பேர அடிக்கிறான், சட்டை கசங்கல. என் வீட்டுக்காரரு அடுப்புக்கு ஒரு கேஸ் தோம்ப தூக்கி வச்சிட்டு மூணு நாளு குப்புற படுத்துட்டாரு." நான் அதை "என் வீட்டுக்காரர்" என்றே அச்சில் போட, எங்கள் மாதா கோயிலில் ஆறு மாதம் எல்லாரும் என் வீட்டுக்காரரிடம் முதுகு எப்படி என்று விசாரித்தார்கள். உன் வீட்டுக்காரரோ, "பாவம் அவ புருசன், இப்படியா ஒருத்தி மானத்த வாங்குவா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். நீ பக்கத்தில் உட்கார்ந்து, முகம் மாறாமல் அடுத்த பத்தியை வாசித்தாயாம்.

பாவி. அடிப்பாவி. என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உன் புருசனிடமே அவரை வைத்துச் சிரிப்பு வாங்கியிருக்கிறாயே! நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்றுதானே இத்தனை நாள் குமைந்தேன். வாழ்நாளெல்லாம் உன்னைப் பார்த்து எரிந்தேன். நீயோ கல்யாணத்துக்குப் பிறகு வருடத்தில் ஒரு நாள், பத்து மணியிலிருந்து நாலு மணிவரைதான் நீயாக இருந்தாய். எதிரில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

"இந்த வருசம் அம்மா பேர போட்டு, உண்மைய எழுதப்போறேன்மா. ஒங்க அப்பா கோவிச்சுக்குவாரா?"

"கோவிச்சா கோவிச்சுக்கட்டும் ஆன்ட்டி. போடுங்க. முழுப்பேரா போடுங்க."

ஒரே மூச்சில் எழுதினேன். பதினோரு வருட விருதுகளும் உன் முழுப்பெயரில், உன் கேஸ் தோம்பு உட்பட. ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன் ஓயவில்லை. "யாரு அந்தம்மா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று எல்லாரும் உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். என் எழுத்து எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்லதுதான் செய்தேன், ஆனாலும் வயிறு எரியத்தான் செய்தது.

நேற்று மாலை உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராக எடுத்தேன்.

"படிச்சேன்" என்றார். "அந்த முதுகு வலிக்காரன் நான்தானா?"

"ஆமாண்ணே."

"நல்லாத்தான் சொல்லியிருக்கு." மூக்கை உறிஞ்சினார். "இதெல்லாம் சொல்லிட்டு அதுவும் சிரிக்குமா அங்க?"

"சிரிக்கும்ணே. விழுந்து விழுந்து சிரிக்கும்."

"நான் பார்த்ததே இல்லம்மா. எப்படி சிரிக்கும்? நீங்க எழுதுறவங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்."

எனக்குச் சொல்லத் தெரியும். அந்த மனுஷர் அழுதுகொண்டிருந்தார், சொல்லியிருப்பதுதான் நியாயம். உன் பேச்சைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. உன் பெயரையும் கொடுத்தாயிற்று.

"மறந்துபோச்சுண்ணே" என்றேன்.

மறக்கவில்லையடி. அதைத் தர எனக்கு மனசில்லை.