தகப்பனார் விலாசம்

நீலாம்பாளின் அப்பாவுக்கு,

அங்கே வேளைக்குச் சோறு போடுகிறார்களா? முதலில் நல்ல சேதி சொல்லிவிடுகிறேன்.

நம் பெண்ணுக்குக் கும்பகோணம் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நம் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகிற முதல் பிள்ளை! என்னோடு நடவுக்கு வருகிற பெண்கள், விடுதிச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு மரக்கால் நெல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்க உபகாரச் சம்பளம் வந்தால் மீதியும் நடந்துவிடும்.

சேதி கேட்டுப் பண்ணையாரும் கூப்பிட்டனுப்பினார். "நாலு வருசப் படிப்பும் என் செலவு. கூலி கேட்டது தப்புன்னு உன் புருசன் இதுல கையெழுத்துப் போட்டா போதும், கேஸையும் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று ஒரு காகிதம் கொடுத்தார். அங்கேயே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று நீலா உபகாரச் சம்பளப் படிவத்தை நிரப்பினாள். தகப்பனார் விலாசம் என்ற இடத்தில் 'மத்திய சிறை, திருச்சி' என்று எழுதினாள். எனக்குப் பதறிவிட்டது.

"நம்ம ஊரைப் போடுடி. பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றேன்.

"அப்பா திருடிட்டா உள்ள போனாங்க? கூலி கேட்டுத்தானே போனாங்க" என்றாள். தலைகூட நிமிரவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

இன்று காலை பண்ணையார் காகிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி அங்கே எனக்கு வேலை இருக்காது. இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு படிவம் மட்டும்தான் இருக்கிறது. அவள் எழுதிய விலாசத்துக்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அவளைப் பெற்றவள்